பிள்ளைக்கு ஒரு நம்பர், பணத்துக்கு ஒரு நம்பர்

ஒரே புருஷன் பெண்டாட்டிக்கு எங்கள் குடும்ப நல கோர்ட்டில் மூன்று வழக்கு நம்பர் ஓடும். விவாகரத்துக்கு ஹெச்.எம்.ஓ.பி., ஜீவனாம்சத்துக்கு எம்.சி., பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. போதாததற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒன்று தனியாகக் கிடக்கும். சட்டத்தைப் பொறுத்தவரை எல்லாம் தனித்தனிக் கட்டு. வருகிறவர்களுக்கு அப்படி இல்லை. "மூணு மாசமா பணம் போடல, பிள்ளையை மட்டும் பார்க்கணுமாம்" என்பாள் அவள். "பிள்ளையைக் கண்ணுலயே காட்டல, நான் எதுக்குப் பணம் போடணும்" என்பான் அவன். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் இந்த வழக்குகளை நடத்துகிற எனக்கு வேலையில் பாதி, இந்த இரண்டு பேச்சையும் பிரித்து வைப்பதுதான்.

பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்த முடியாது, பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை மறைக்கவும் முடியாது, இரண்டுக்கும் தனியாக மனு போட்டுக் கேட்கலாம் என்று நான் விளக்கினால் கட்சிக்காரர் தலையாட்டுவார். வெளியே போய் அவருடைய அம்மாவிடம், "வக்கீலம்மா அந்தப் பக்கம் பேசுறாங்க" என்பார். பழகிவிட்டது.

பணத்தில் முன்பெல்லாம் வாய்ச்சண்டைதான். கணவர் லட்சம் சம்பாதிக்கிறார் என்று மனைவி பக்கம் எழுத, வேலையே இல்லை என்று அவர் கவுன்டர், அதாவது பதில் மனு, போட, நடுவில் ஒரு தொகையை நீதிபதி குத்துமதிப்பாகப் போட வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு பேருமே வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. அந்தப் பத்திரத்தைப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. வருமானக் கட்டத்தில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள், மாட்டிக்கொள்வது கடன் கட்டத்தில்தான். மாதச் சம்பளம் 12,000 என்று எழுதியவர் நாலு பக்கம் தள்ளி, தன் கஷ்டத்தைக் காட்டுவதாக நினைத்து, கார் கடனுக்கு மாதம் 9,500, வீட்டுக் கடனுக்கு 14,000 என்று வரிசையாக எழுதியிருப்பார். மீதி எங்கிருந்து வருகிறது என்று ஒரே கேள்வி. அண்ணன் கொடுக்கிறார், மாமா கொடுக்கிறார் என்று பதில் வரும். பெண்கள் பக்கம் மட்டும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன், தனியார் பள்ளியில் டீச்சராக இருப்பதை மறைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. மறைக்கத் தேவையே இல்லை. மனைவி சம்பாதிக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக ஜீவனாம்சம் இல்லை என்று ஆகிவிடாது, பிள்ளையின் செலவை இரண்டு பேரும் வருமானத்துக்கு ஏற்ப ஏற்க வேண்டும் என்றுதான் வரும்.

அதே தீர்ப்பில், ஜீவனாம்சத்தை மனு போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்றும் இருக்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக இழுத்து முடிகிறபோது பாக்கியே லட்சத்தில் நிற்கும். இங்கேதான் நிறையப் பெண்கள் ஏமாறுகிறார்கள். "சேரட்டும் மேடம், மொத்தமா வாங்கிக்கலாம்" என்று சீட்டுப் பணம் மாதிரி விட்டுவிடுகிறார்கள். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு ஆகட்டும், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்திருக்கிற பி.என்.எஸ்.எஸ். என்கிற புதுச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு ஆகட்டும், பாக்கி விழுந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால்தான் வாரண்ட் கேட்க முடியும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று அதில் இருப்பது கணவர்களுக்குத் தெரியும். உள்ளே போய்விட்டு வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும் என்பது பல பேருக்குத் தெரியாது, சொன்னதும் முகம் மாறும்.

பிள்ளை விஷயம் இப்படிக் கணக்குக்கு அடங்காது. 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. எந்த வயதானாலும் பிள்ளையின் நலன்தான் முக்கியம், யாருடைய உரிமையும் அப்புறம்தான். விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி பிள்ளையைத் தனியாகச் சேம்பரில் கூப்பிட்டு விசாரிப்பார். சொல்லிக் கொடுத்த பிள்ளை உள்ளே போனதும் பெயரைக் கேட்பதற்கு முன்பே "எனக்கு அப்பா வேண்டாம்" என்று ஒப்பிக்கும். அதற்கு அப்பா என்ன செய்தார் என்று கேட்டால் பாட்டி சொன்ன வார்த்தை அப்படியே வரும்.

பிள்ளையைப் பார்க்க ஒதுக்கிய சனிக்கிழமை பார்வை நேரத்தில் கோர்ட் வளாகத்துக்கு வரும் அப்பாக்களைக் கவனித்திருக்கிறேன். கை நிறைய பொம்மையும் கேக்கும் இருக்கும், பேச்சு வராது. ஆறு வயதுப் பையனிடம் ஒருவர் முதலில் கேட்டது, "அம்மா போன்ல யாரு கூட பேசுறாங்க?" பையன் கேக் டப்பாவின் ரிப்பனையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த, கோர்ட்டில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மா எழுந்து வந்து, "சார், எந்த கிளாஸ், டீச்சர் பேர் என்னன்னு கேளுங்க" என்றார். அந்த அப்பாவுக்குப் பையன் எந்த வகுப்பு என்பதே தெரியவில்லை. வக்கீல் படிப்பில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது.

அதனால் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வருகிறவர்களிடம் நான் கூட்டு மெமோவை, அதாவது இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் கொடுக்கிற ஒப்பந்தத்தை, நீட்டி எழுத வைக்கிறேன். இரண்டு பக்கமும் சீக்கிரம் முடித்துக்கொண்டு போகத்தான் பார்ப்பார்கள். "எனக்கும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம்" என்று கோபத்தில் எழுதிக் கொடுக்க வரும் பெண்களிடம், உனக்கு வேண்டாம் என்பது உன் இஷ்டம், பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க உனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிடுவேன். பள்ளிக் கட்டணம் நேராகப் பள்ளிக்கு, மாதத் தொகை எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு, தீபாவளி யார் வீட்டில், பொங்கல் யார் வீட்டில், காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் தகவல் என்று வரி வரியாகப் போகும்.

ஒரு மெமோவில் மொட்டையும் காதுகுத்தும்தான் கடைசி வரை இழுத்தது. முடி இறக்க வேண்டியது அப்பா வழிக் குலதெய்வக் கோயிலில். காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது அம்மாவுடைய அண்ணன் மடியில். ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க மாட்டோம் என்று வந்தவர்கள், தாய்மாமன் இல்லாமல் எப்படி, குலசாமி இல்லாமல் எப்படி என்று ஒரே குரலில் கேட்டார்கள். 1890-ஆம் வருஷத்து கார்டியன் சட்டத்தில் இதற்கு ஏது பிரிவு? சரி என்று அதையும் ஒரு பாராவாக எழுதினோம். தேதி, கோயில், யார் யார் வருவது, எத்தனை மணிக்குள் பிள்ளையைத் திருப்பி விடுவது, எல்லாம் ஒத்துக்கொண்டார்கள். வேன் வாடகையில் மறுபடி முட்டிக்கொண்டார்கள். பாதிப் பாதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.