மச்சிலிருந்து இறங்கிய 163 தட்டுகள்

செங்கோட்டையில் ஜூன் பிறந்து சாரல் கட்டிவிட்டால், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பீரோவுக்குள் வைத்த தோல் பெல்ட்டில் பூசணம் பூத்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில், பல வருடமாக எங்கள் வீட்டு மச்சில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடைந்துகிடந்த சிடிகளும் டிவிடிகளும் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. சென்ற வருடம் ஒரு மாலை, ஆச்சி திடீரென்று, "உங்க தாத்தா நடந்து வாறத ஒரு தடவ பாக்கணும்டே" என்று கேட்டபோதுதான் பெட்டியை இறக்கினேன்.

எண்ணியதில் 163 தட்டுகள் இருந்தன. 71 விசிடி, 83 டிவிடி, மீதி ஒன்பதும் அப்பாவின் ஹேண்டிகேமில் போடும் உள்ளங்கை அகல டிவிடி. அப்பா வீடு செங்கோட்டை, அம்மா பிறந்த வீடு மலைக்கு அந்தப்பக்கம் புனலூர் என்பதால், கல்யாணங்களும் வீட்டுப் பால்காய்ப்புகளும் இரண்டு ஊரிலும் மாறி மாறி நடந்திருக்கின்றன. ஒரே பெட்டிக்குள் தவில் முழங்கும் தட்டும் செண்டைமேளம் கொட்டும் தட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

இந்த வேலையை நான் இரண்டு முறை செய்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முதல் முறை 2015இல். கையில் இருந்த லேப்டாப்பில் இடம் குறைவு என்ற ஒரே காரணத்தால், கண்ணில் பட்ட ஒரு மென்பொருளைக் கொண்டு இருபது டிவிடிகளை தலா 300 எம்பி அளவுள்ள எம்பி4 கோப்புகளாகச் சுருக்கினேன். சுருக்கிய பிறகு தட்டுகள் எதற்கு என்று தோன்றியது. அத்தை வீட்டு வயலில் மயில் தொல்லை. சிடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் மின்னி மயில் ஒதுங்கும் என்று மாமா கேட்டார், அந்த இருபதையும் கொடுத்துவிட்டேன். மயில் ஒதுங்கியதா என்று தெரியாது. இன்றைக்கு அந்தக் கோப்புகளைத் திரையில் போட்டால், கல்யாணப் பந்தலில் யாராவது கையை வீசி நடந்தால் அந்தக் கை சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரிந்து தெரிகிறது.

அதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் பழைய டிவிக்காக எடுக்கப்பட்ட வீடியோ, விநாடிக்கு 25 முழுப் படங்களாக அல்லாமல், ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று என்று விநாடிக்கு 50 அரைப் படங்களாகப் பதிவானது. பழைய பெட்டி டிவி அதை அப்படியே காட்டும். கணினித் திரையோ இரண்டு அரைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நேரத்தில் காட்டுவதால், இடையில் நகர்ந்த பொருள் சீப்பாகிவிடுகிறது. மூலம் கையில் இருந்தால் இதை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம். அரைப் படங்களைப் பிரித்து, விநாடிக்கு 50 முழுப் படங்களாக்கினால் அசைவு வெண்ணெயாக ஓடும். நான் சீப்போடு சேர்த்துச் சுருக்கிவிட்டதால் அது அந்தக் கோப்புக்குள்ளேயே ஒட்டிப்போய்விட்டது. தட்டு வயலில்.

ஆகவே இரண்டாவது முறை எனக்கு நானே விதித்துக்கொண்டது ஒன்றுதான்: தட்டில் இருப்பதை, ஒரு பைட்டும் மாறாமல், அப்படியே முழு இமேஜ் கோப்பாக முதலில் எடுத்து வைப்பது, சுருக்குவது, வெட்டுவது, நிறம் கூட்டுவது எல்லாம் அதன் பிரதியில்தான். இடம் போதாது என்ற பயமும் கணக்குப் போட்டுப் பார்த்தால் கரைந்துவிடுகிறது. ஓர் அடுக்கு டிவிடியில் அதிகபட்சம் 4.7 ஜிபி, விசிடியில் சுமார் 800 எம்பி, அந்தக் குட்டித் தட்டில் 1.4 ஜிபி. எங்கள் வீட்டுத் தட்டுகள் அத்தனையும் சேர்ந்து 400 ஜிபியைத் தாண்டவில்லை. 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கிறது.

இனி சாரலின் கைவேலைக்கு வருகிறேன். சிடியில் நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் அடிப்பக்கத்தைவிட, பெயர் எழுதும் மேல்பக்கம்தான் பலவீனமானது என்பது இந்த வேலையில் இறங்கிய பிறகே எனக்குப் புரிந்தது. 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கின் உச்சியில், மெல்லிய ஒரு வார்னிஷ் பூச்சுக்கு அடியிலேயே உலோகப் படலம் இருக்கிறது. டிவிடியில் அந்தப் படலம் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவில் இருப்பதால் அந்த அளவு ஆபத்தில்லை. ஸ்டூடியோக்காரர் ஆசையாக மணமக்கள் படத்தை அச்சடித்து ஒட்டிய காகித லேபிள், இத்தனை வருட ஈரத்தில் உப்பி, ஒரு விசிடியின் ஓரத்தில் மடங்கி நின்றது. சும்மா அமுக்கிவிடலாம் என்று விரல் வைத்தேன். மாமா கல்யாணத்தின் வெள்ளிப் படலம் காகிதத்தோடு உரிந்து வந்துவிட்டது. தட்டைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது. லேபிள் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள், இருக்கிற நிலையிலேயே முதலில் படித்து எடுத்துவிடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பூசணமும் கட்டுக்கதையல்ல. 2001ஆம் ஆண்டு, மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியைப் பூஞ்சை உண்மையிலேயே தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர் அது. எங்கள் தட்டுகளில் அவ்வளவு மோசமில்லை, மேலோட்டமாகப் படர்ந்த வெண்புள்ளிகள்தான். ஒரு சொட்டு சோப்புக் கரைசல் கலந்த தண்ணீர், பழைய பருத்தி வேட்டித் துண்டு, அவ்வளவே போதுமானதாக இருந்தது. துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும்; வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் தடத்தின் கூடவே நீளும், அதைப் படிக்கும் கருவியால் சமாளிக்க முடியாது.

விசிடி தனி ரகம். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் டாட் (.dat) என்று முடியும் பெரிய கோப்பை இழுத்துக் கணினியில் போட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். பாதி வழியில் பிழை காட்டி நின்றுவிடும். சாதாரணத் தகவல் சிடியில் ஒவ்வொரு துண்டிலும் 2048 பைட் தகவலும் அதைப் பிழை திருத்தக் கூடுதல் இடமும் இருக்கும். விசிடியை வடிவமைத்தவர்கள் அந்தக் கூடுதல் இடத்தில் பெரும்பகுதியையும் படத்துக்கே கொடுத்து 2324 பைட் ஆக்கிவிட்டார்கள். 74 நிமிடப் படம் ஒரு சிடியில் அடங்கியது அந்தத் தியாகத்தால்தான். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, பின் (.bin), க்யூ (.cue) என்ற இரட்டைக் கோப்புகளாக முழுத் தட்டையும் எடுத்தேன். படத்தின் தரத்தைப் பற்றி எதிர்பார்ப்பு வேண்டாம். 352க்கு 288 புள்ளிகள்தான். 1994இல் விஎச்எஸ் கேசட்டில் எடுத்து, பிறகு கடையில் கொடுத்துச் சிடிக்கு மாற்றிய சித்தி கல்யாணத்தில், பட்டுச்சேலையின் சரிகையெல்லாம் கலங்கிய தேன்போலத்தான் தெரிகிறது.

குட்டித் தட்டுகளில் மூன்றை எந்தக் கணினியும் ஏற்கவில்லை. அவை கெட்டுப்போகவில்லை, அப்பா பதிவை முடித்த பிறகு கேமராவில் "ஃபைனலைஸ்" என்ற ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டிருந்தார். அதைச் செய்யாத தட்டைப் பெரும்பாலும் எடுத்த கேமரா மட்டுமே படிக்கும். நல்லவேளையாக ஹேண்டிகேமை யாரும் தூக்கிப்போடவில்லை. பேட்டரி செத்திருந்தாலும், அடாப்டரை நேராகச் செருகினால் உயிர் வந்தது.

பெரிய போராட்டம் ஒரு டிவிடியோடு. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மீட்டர்கேஜ் ரயிலில் நாங்கள் குடும்பத்தோடு போனதை அப்பா 2009இல் எடுத்தது. 1904இல் போட்ட பாதை; அகல ரயில் பாதைக்காக 2010இல் மூடி 2018இல்தான் மறுபடி திறந்தார்கள். ஆகவே அந்தச் சின்ன ரயில், பகவதிபுரம் தாண்டி வரும் நீளக் குகை, கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் எல்லாம் அந்தப் பழைய கோலத்தில் எங்கள் வீட்டில் இருப்பது இந்த ஒரு தட்டில்தான். சாதாரணமாக நகலெடுத்தால் எட்டாவது நிமிடத்தில் மூச்சு நின்றது. லினக்ஸ் போட்ட பழைய கணினியில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டினேன். அதன் புத்தி என்னவென்றால், சுலபமாகப் படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும். முதல் சுற்றில் 210 எம்பி மீதி நின்றது. இரவெல்லாம் டிரைவ் "கிர்ர், டக்" என்று முனகிக்கொண்டிருந்தது. காலையில் 40 எம்பி. அதே வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு, நண்பரிடம் இரவல் வாங்கிய வேறொரு டிரைவில் அதே தட்டைப் போட்டேன். ஒரு டிரைவின் கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்றின் கண்ணுக்குத் தெரிகிறது. கடைசியில் 3 எம்பிக்கும் குறைவாகத்தான் கைவிட வேண்டியிருந்தது. குகைக்குள் இருட்டில் சில நொடிகள் கட்டம் கட்டமாகச் சிதறுகின்றன, அங்கே பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை.

பெட்டியில் கடையில் வாங்கிய சினிமாத் தட்டுகளும் ஓர் அடுக்கு இருந்தன. மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலத்தில் அப்பா வாரிக்கொண்டு வந்தவை. கடை டிவிடிகளில் பலவற்றுக்குப் பூட்டு உண்டு. உரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பது, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி குற்றம். அந்த வழக்கெல்லாம் நமக்கெதற்கு, அவற்றைத் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தனியே வைத்துவிட்டேன். சினிமா எப்படியும் எங்காவது கிடைக்கும்.

இமேஜ் கோப்புகள் எல்லாவற்றுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற, கோப்பில் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் 64 எழுத்துக் கைரேகையைக் கணக்கிட்டு ஒரு பட்டியலில் வைத்திருக்கிறேன். இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஒன்று புனலூரில் தங்கை வீட்டில் இருக்கிறது. ஓணத்துக்குப் போகும்போது கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வருவேன். கோப்புகளுக்கு வருடம், மாதம், தேதி, பிறகு நிகழ்ச்சி என்ற வரிசையில் பெயர் வைத்திருப்பதால் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பும் உண்டு: யார் யார் எந்த நிமிடத்தில் வருகிறார்கள் என்று. அதை எழுத எந்த மென்பொருளும் இல்லை, ஆச்சிதான்.

சித்தி கல்யாணத்தை டிவியில் போட்டபோது, பந்தலின் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் வாளியோடு போனார். முகமே தெரியவில்லை. "நிறுத்து, நிறுத்து. நடையப் பாரு, உங்க தாத்தால்லா அது" என்றாள் ஆச்சி. மூன்று முறை பின்னுக்கு ஓட்டச் சொன்னாள். 31ஆவது நிமிடம் என்று குறித்துக்கொண்டேன். பந்தி முழுவதும் அவள் சொல்லச் சொல்ல எழுதியதில் 46 பேர் தேறினார்கள். இலை போடும் இடத்தில் நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் ஓர் அம்மாளை மட்டும் இரண்டு ஊரிலும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கோப்பில் இப்போதைக்கு, "52ஆவது நிமிடம், மஞ்சள் சேலை, புனலூர்ப் பக்கத்து உறவாக இருக்கலாம், பெரியத்தையிடம் கேட்க வேண்டும்" என்று இருக்கிறது.