ஸ்க்ரப் டைஃபஸ் டெஸ்ட்: பெங்களூரில் பொருக்கு ஃபார்மலினில் விழுந்த கதை

காய்ச்சல் அஞ்சாம் நாள். டெங்கு, மலேரியா ரெண்டும் நெகட்டிவ். பிளேட்லெட் இறங்குது, லிவர் என்சைம் ஏறியிருக்கு. ஓசூர் பக்கம் தோட்டவேலை செய்கிற சித்தப்பா என்றதும் டாக்டர் ஸ்க்ரப் டைஃபஸ் டெஸ்ட் எழுதிவிட்டார். உண்ணி மாதிரிச் சின்னப் பூச்சி கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சல் அது. அதுவரை சிக்கலே இல்லை.

கலெக்‌ஷன் சென்டரில் 'ரிக்கெட்சியா பேனல்' (இந்த வகை பாக்டீரியாக்களுக்கான டெஸ்ட் தொகுப்பு) என்று பில் போட்டார்கள். ரிப்போர்ட் வந்தால், வெயில்-ஃபெலிக்ஸ்! 1916-ல் வந்த முறை. புரோட்டியஸ் என்கிற வேறொரு பாக்டீரியாவின் ஆன்டிஜெனோடு சீரம் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது. ஸ்க்ரப் டைஃபஸில் ஏற வேண்டியது ஓஎக்ஸ்-கே என்கிற புரோட்டியஸ் ரகத்துக்கான அளவு. ஏறவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லவே முடியாது, பல கேஸ் இதில் தப்பிவிடும். இந்த நோய்க்கான ஆன்டிபாடியையே ரத்தத்தில் தேடும் எலைசா டெஸ்ட் செய்யவில்லையா என்றால், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். ஒண்ணு இல்லை. 'ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் எலைசா' என்று பில்லில் விழுந்த பிறகு காசு கட்டுங்கள்.

எலைசாவும் எல்லா நாளும் உதவாது. ஐஜிஎம், அதாவது உடல் முதலில் உண்டாக்கும் ஆன்டிபாடி, தெரிய முதல் வாரம் முடிய வேண்டும். மூணாம் நாள் ரத்தத்தில் நெகட்டிவ் வந்தால் அதற்கு மதிப்பில்லை. அந்த நாட்களில் கிருமியின் டிஎன்ஏவையே தேடும் பிசிஆர்தான். ஊதா மூடி இடிடிஏ டியூபில் எடுக்கச் சொல்லுங்கள். பச்சை மூடியில் இருப்பது ஹெப்பாரின், பிசிஆரைக் கெடுத்துவிடும்.

ரத்தத்தைவிட நல்ல சாம்பிள், பூச்சி கடித்த இடத்தில் இருக்கும் கருப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் நாடா கட்டும் இடம், காதுக்குப் பின்னால், பெண்களுக்கு மார்புக்கு அடியில் என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும். வியர்வை தங்கும் மடிப்பில் கருப்பே இருக்காது, வெளிறிய சின்னப் புண்ணாகத்தான் தெரியும். ரவுண்ட்ஸில் சட்டையைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. தேடியதும் இடுப்பில் கிடைத்தது.

கிடைத்ததை வார்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? பயாப்சி சதைத்துணுக்கு மாதிரி, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள்! ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும். லேப் திருப்பி அனுப்பியது நியாயம்தான். நல்லவேளை, ஓரத்தில் துணுக்கு மிச்சம் இருந்தது. ஸ்டெரைல் ஃபோர்செப்ஸால் எடுத்து, எதுவும் ஊற்றாத ஸ்டெரைல் டியூபில் போட்டு, ஐஸ் பேக்கோடு கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். பிசிஆர் பாசிட்டிவ்.

எலைசா ரிப்போர்ட் இன்னும் தாமதம். கிட் வீணாகாமல் இருக்க சாம்பிள் சேரும்வரை பல லேப்கள் காத்திருக்கும். "அடுத்த ரன் என்னைக்கு?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் திங்கள் தாண்டலாம்.

அதுவரை மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. ரத்தம் எடுத்த கையோடு டாக்டர் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை, இரவு என்று ஆரம்பித்தார். ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டது. முன்னால் ஏற்றிய செஃப்ட்ரியாக்ஸோன் என்கிற ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியைத் தொடாது. பிளட் கல்ச்சர் நெகட்டிவ் என்பதும் ஆறுதல் இல்லை, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும் கிருமி அந்தப் பாட்டிலில் வளராது.

கடைசியாக வந்த எலைசா ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று ஒற்றை வார்த்தை. மெஷின் காட்டிய ஓ.டி. (OD) எண்ணையும், எதற்கு மேல் போனால் பாசிட்டிவ் என்கிற கட்-ஆஃபையும் எழுதித் தரச் சொல்லி வாங்கினோம். எல்லைக்கோட்டில் இருந்தால் ரெண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட அந்த எண் வேண்டும்.