பவர் சரி, இடம் தவறு: என் முதல் ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி

பள்ளிப் பருவத்திலிருந்தே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிந்து வருகிறேன். நாற்பதைக் கடந்த பிறகு, சிறிய எழுத்தைப் படிக்க நேரும்போதெல்லாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கும் பழக்கம் என்னை அறியாமலேயே வந்துவிட்டது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, வயதால் அருகிலுள்ளது மங்கும் வெள்ளெழுத்து பெரும்பாலும் இந்த வழியில்தான் நுழைகிறது. நம்மால் கண்ணாடியைக் கழற்றிச் சமாளித்துக்கொள்ள முடிவதால், அது வந்திருப்பதே சில காலம் தெரிவதில்லை.

கணக்கு எளிமையானது. ஒரு மீட்டரைக் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதுதான் டையாப்டர். 40 செ.மீ. தொலைவில் புத்தகம் படிக்க, தூரப் பார்வைக்குச் சரிசெய்யப்பட்ட கண்ணுக்குக் கூடுதலாக 2.50 டையாப்டர் திறன் தேவை. இளமையில் விழி லென்ஸ் தன் வளைவைக் கூட்டிக்கொண்டு அதைத் தானே ஈடுகட்டும். வயது ஏற ஏற அந்த லென்ஸ் இறுகிப்போவதால், தசை முயன்றாலும் வளைவு மாறுவதில்லை. என் வலக்கண்ணின் பவர் −3.50. எனவே கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை ஏறத்தாழ 29 செ.மீ. அவ்வளவு நெருக்கத்தில் புத்தகம் படிக்கலாம், 65 செ.மீ. தள்ளியிருக்கும் கணினித் திரையைப் பார்க்க முடியாது. கண்ணாடியுடன் பார்த்தால் திரை தெரியும். ஆனால் ஒரு மணி நேரத்தில் புருவத்துக்கு மேல் வலி பிடித்துக்கொள்ளும். வேலை முழுவதும் திரையில் இருப்பவருக்கு இது சமாளித்துக் கடக்கக்கூடிய சங்கடம் அன்று. அதனால்தான், தூரம் முதல் அருகு வரை ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் ப்ரோக்ரெஸிவ் கண்ணாடிக்கு வந்தேன்.

பரிசோதனையில் இயந்திரம் தரும் எண் தொடக்கப் புள்ளி மட்டுமே. அதன் பிறகு நடக்கும் கேள்வி பதில்தான் பவரைத் தீர்மானிக்கிறது. என்னைப் பரிசோதித்தவர் ஒவ்வொரு முறை கால் டையாப்டர் மைனஸ் கூட்டியபோதும், "எழுத்து தெளிவாகிறதா, அல்லது சிறியதாகவும் கறுப்பாகவும் மட்டும் மாறுகிறதா?" என்று கேட்டார். மிகையான மைனஸ் எழுத்தை வெட்டுவதுபோல் கூர்மையாக்கிக் காட்டுவதால் நோயாளிக்கு அது பிடித்துப்போகும். ஆனால் அந்த மிகை கண்ணின் மிச்சத் திறனைத் தின்றுவிடும். வெள்ளெழுத்து வந்தவரிடம் அந்த மிச்சமே குறைவு. பிறகு சிவப்பும் பச்சையுமான பின்புலத்தில் எழுத்துகளைக் காட்டினார். பச்சை ஒளி சிவப்பைவிடச் சற்று முன்னால் குவிவதால், பச்சைப் பக்கத்து எழுத்து மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் மைனஸ் மிஞ்சிவிட்டது என்று பொருள். இரு பக்கமும் ஒத்து வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் கிடைத்த சீட்டில் வலக்கண்ணுக்கு ஸ்பியர் (அடிப்படைப் பவர்) −3.50, சிலிண்டர் −0.75, ஆக்சிஸ் (சிலிண்டரின் கோணம்) 175 என்றும், அதன் கீழே ஆட் (அருகில் பார்க்கக் கூட்டும் பவர்) +1.75 என்றும் இருந்தது. வேறோர் இடத்தில் முன்பு எழுதித் தந்த சீட்டிலோ −4.25, +0.75, 85 என்று இருந்தது. இரண்டும் ஒரே லென்ஸ்தான். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டி, சிலிண்டரின் குறியை மாற்றி, ஆக்சிஸை 90 பாகை திருப்பினால் ஒன்று மற்றொன்றாகும். பழைய சீட்டையும் புதிய சீட்டையும் ஒப்பிட்டு, பவர் ஏறிவிட்டதாகக் கவலைப்படுவோர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டர் என்பது, ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் வளைந்திருக்கும் கருவிழிக்கான ஈடு. தன் இடக்கண்ணின் இந்தக் குறைக்கு 1825-இல் அப்படியொரு லென்ஸை வடிவமைத்துச் செய்வித்துக்கொண்டவர் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர்.

ஆட் எண்ணை அவர் என் வயதைப் பார்த்து எழுதவில்லை; புத்தகமும் திரையும் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்று கேட்டு, அந்தத் தொலைவுகளில் வைத்துப் பார்த்தே எழுதினார். வீட்டிலேயே அளந்து கொண்டுபோயிருந்தது அங்கே பயன்பட்டது. படிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆட்டைக் கூட்டி வாங்குவது ப்ரோக்ரெஸிவ் லென்ஸில் நல்லதன்று. ஏன் என்பதற்குச் சற்று விளக்கம் வேண்டும்.

1784-இல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தம் கடிதத்தில் குறிப்பிட்ட இரட்டைக் கண்ணாடியில், மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி அருகுக்கு. நடுவில் ஒரு கோடு. பைஃபோகல் இன்றும் அதே கருத்துதான். அதில் இடைத் தொலைவுக்கு, அதாவது திரைக்கு, இடமே கிடையாது. 1959-இல் பெர்னார்ட் மெத்தெனாஸ் உருவாக்கிய வாரிலக்ஸ், கோடில்லாமல் மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் லென்ஸை முதன்முதலாக வணிக வெற்றி பெறச் செய்தது. ஆனால் ஒரே பரப்பில் வளைவை மாற்றிக்கொண்டே போவதற்கு ஒரு விலை உண்டு. நடுவில் இறங்கும் ஒடுக்கமான பாதையில் மட்டுமே பார்வை சுத்தமாக இருக்கும்; பக்கவாட்டில் விலக விலக வேண்டாத சிலிண்டர் சேர்ந்துகொண்டே போகும். பாதையில் பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டுச் சிதைவு ஏறும் என்பது மின்க்விட்ஸ் என்பவர் 1963-இல் நிறுவிய தேற்றம். ஆகவே ஆட் கூடினாலும், பாதையின் நீளம் குறைந்தாலும், ஓரங்கள் மேலும் கலங்கும். எவ்வளவு உயர்ரக லென்ஸ் ஆனாலும் இந்தச் சிதைவை இங்கிருந்து அங்கே தள்ளிவைக்கலாமே தவிர, இல்லாமல் செய்ய இயலாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஃப்ரேம் தேர்வில் நான் மூன்று விஷயங்களைப் பார்த்தேன். கண்மணிக்குக் கீழே பாதையும் படிக்கும் பகுதியும் அடங்குமளவு உயரம் இருக்க வேண்டும். மூக்குத் தாங்கிகள் வளைத்துச் சரிசெய்யத்தக்கவையாக இருக்க வேண்டும். அகலம் என் முகத்தைவிட மிஞ்சக் கூடாது. கடைசிக் காரணம் லென்ஸின் தடிமன். −3.50 பவருக்குச் ஒளிவிலகல் எண் 1.50 கொண்ட சாதாரண லென்ஸில், மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளியுள்ள விளிம்பு மையத்தைவிட ஏறத்தாழ 2.2 மி.மீ. தடித்திருக்கும். அதையே 1.67 லென்ஸில் செய்தால் 1.6 மி.மீ. ஆகும். ஆனால் அந்த 25 மி.மீ. 20 ஆகக் குறையும்படி சிறிய ஃப்ரேம் எடுத்தால், சாதாரண லென்ஸிலேயே 1.4 மி.மீ.தான். மெல்லிய லென்ஸுக்குக் கூடுதல் பணம் தருவதற்கு முன் ஃப்ரேமைச் சிறிதாக்கிப் பார்ப்பது நல்லது. மேலும், ஒளிவிலகல் எண் கூடிய பொருள்களில் பொதுவாக நிறப்பிரிகையும் கூடுகிறது. நிறப்பிரிகையைக் காட்டும் ஆபே எண் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்கு 58, 1.67-க்கு 32, பாலிகார்பனேட்டுக்கு 30. எண் குறையக் குறைய, ஓரமாகப் பார்க்கும்போது வெள்ளைப் பின்புலத்துக் கறுப்பு எழுத்தில் நீலமும் மஞ்சளும் கசியும். நான் 1.60-இல் நின்றேன். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு மட்டும் தவிர்க்கக் கூடாதது; இரவில் எதிரே வரும் விளக்குகளின் போலி உருவங்களை அது பெருமளவு குறைக்கிறது.

கண்ணாடி வந்தது. கடையில் அணிந்துகொண்டு அட்டையைப் படித்தேன், தெளிவாக இருந்தது. வெளியே வந்து நடந்தபோது, தூரத்துப் பெயர்ப்பலகைகள் மங்கலாக இருந்தன. தரை மிதப்பதுபோல் தோன்றுவதும், தலையைத் திருப்பினால் கதவுச் சட்டம் வளைவதும் புதிதாக ப்ரோக்ரெஸிவ் அணிபவருக்கு இயல்பே என்று படித்திருந்ததால் அவற்றைப் பொறுத்துக்கொண்டேன். தூரம் மங்குவது அந்த வகையில் சேராது. கவனித்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது: முகவாயைச் சற்றுத் தாழ்த்தினால் பலகை பளிச்சென்று தெளிவானது. அதே வேளையில், நேராக நிமிர்ந்து பார்த்தால் கணினித் திரை அருமையாகத் தெரிந்தது.

கடையில், லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்து, பவர் சீட்டில் உள்ளபடியே இருப்பதாகவும், பழகினால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். பவர் சரி என்பது உண்மை. ஆனால் முகவாயைத் தாழ்த்தினால் தூரம் தெளிவாகிறது என்றால், லென்ஸ் கண்ணுக்கு மேலே ஏறி அமர்ந்திருக்கிறது; நேராகப் பார்க்கும்போது பார்வை தூரப் பகுதியைத் தாண்டிப் பாதைக்குள் இறங்கிவிடுகிறது. எதிர்மாறாக, படிக்கும்போது முகவாயைத் தூக்க வேண்டியிருந்தால் லென்ஸ் தாழ்ந்திருக்கிறது. இந்த இரண்டு அடையாளங்களும் எந்தக் கருவியும் இல்லாமல் யாரும் கண்டுகொள்ளக்கூடியவை.

இதை அவர்களிடமே உறுதிப்படுத்தவும் முடிந்தது. எந்த ப்ரோக்ரெஸிவ் லென்ஸிலும் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் இருக்கும். லென்ஸைக் கறுப்புப் பின்புலத்துக்கு எதிரே ஒளியில் சாய்த்துப் பிடித்தாலோ, வாயால் ஊதி ஆவி படிய வைத்தாலோ அவை தென்படும். வெளிப்பக்கத்துப் பொறிப்பின் கீழ் ஆட் எண்ணும், மூக்குப் பக்கத்தில் தயாரிப்பாளரின் குறியும் இருக்கும். அவற்றில் மையால் புள்ளி வைத்து, தயாரிப்பாளர் தரும் வரைபட அட்டையில் பொருத்தினால், கண்மணிக்கு நேரே வர வேண்டிய சிலுவைக் குறி எங்கே என்று வரைந்துகொள்ளலாம். அப்படி வரைந்து அணிந்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபோது, சிலுவை என் கண்மணிக்கு 3 மி.மீ. மேலே நின்றது.

காரணத்தைக் கடையில் இருந்த மூத்த ஆப்டிசியன் ஒருவர்தான் விளக்கினார். அளவு எடுத்தவர் நின்றுகொண்டிருக்க, நான் நாற்காலியில் அமர்ந்து அவர் முகத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். கண்மணி மேலே ஏறியது. அவருடைய பார்வைக் கோடும் மேலிருந்து இறங்கியது. இரண்டும் ஒரே திசையில் பிழையைக் கூட்டின. மேலும் ஃப்ரேமை என் மூக்குக்கும் காதுக்கும் பொருந்த வளைக்காமலேயே கண்மணியின் இடத்தைக் குறிக்கும் புள்ளியை வைத்திருந்தார்கள். இன்னொரு குறையும் வெளிவந்தது. இரு கண்மணிகளுக்கும் இடையிலான தொலைவு 64 மி.மீ. என்று அளந்து, அதைப் பாதியாக்கி 32, 32 என்று எழுதியிருந்தார்கள். மூக்கின் நடுவிலிருந்து தனித்தனியே அளந்தபோது வலம் 31, இடம் 33 என்று வந்தது. ஒற்றைப் பவர் லென்ஸில், −3.50-க்கு ஒரு மில்லிமீட்டர் விலகல் 0.35 ப்ரிஸம்தான் (ஒளி திசை விலகும் அளவு), பெரிதாகத் தெரியாது. ப்ரோக்ரெஸிவில் பாதையே சில மில்லிமீட்டர் அகலம்தான் என்பதால், இரண்டு கண்ணும் பாதையின் ஓரத்தை உரசிக்கொண்டே படிக்க வேண்டியிருந்தது.

அந்த மூத்த ஆப்டிசியன் மூக்குத் தாங்கிகளை விரித்து ஃப்ரேமை இறக்கிப் பார்த்தார். அதில் தூரப் பார்வை ஓரளவு மீண்டது. பக்கவாட்டுப் பிழைக்கு அது மருந்தாகாது என்பதால் லென்ஸை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். இம்முறை முதலில் ஃப்ரேமைச் சூடுகாட்டி வளைத்து, லென்ஸின் கீழ்விளிம்பு கன்னத்தை நோக்கிச் சற்றே சாயும்படி அமைத்தார். பிறகு என் கண் மட்டத்துக்குத் தம் கண் வருமாறு எதிரே அமர்ந்து, அவருடைய இடக்கண்ணை என் வலக்கண்ணாலும், வலக்கண்ணை என் இடக்கண்ணாலும் பார்க்கச் சொல்லிப் புள்ளி வைத்தார். என்னை எழுப்பி நடக்கவிட்டு, இயல்பாக நிற்கச் செய்து மறுபடியும் சரிபார்த்தார். எல்லாம் சேர்ந்து சில நிமிட வேலைதான். கண்ணாடியின் பயன் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் அடங்கியிருந்தது.

இரண்டாம் கண்ணாடியில் தூரம் முதல் நாளே தெளிவாக இருந்தது. மிதப்பு மட்டும் மாற இரண்டு வாரங்கள் வரை ஆகலாம் என்றார்கள்; அதற்குள்ளாகவே அடங்கிவிட்டது. பழைய கண்ணாடியை இடையிடையே அணியாமல், காலையிலிருந்தே புதியதை அணிந்தது உதவியது. படிக்கட்டில் இறங்கும்போது மட்டும் கவனம் தேவை: கண்ணை மட்டும் தாழ்த்தினால் படிக்கும் பகுதி வழியாகப் படியைப் பார்க்கிறோம், படியோ ஒன்றரை மீட்டர் தள்ளி இருப்பதால் மங்கும். தலையோடு சேர்த்துக் குனிய வேண்டும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கவும் கண்ணைச் சுழற்றாமல் மூக்கைத் திருப்பப் பழகிக்கொண்டேன். நாள் முழுவதும் திரையிலேயே இருப்பவர்களுக்கு, தூரப் பகுதியைக் குறைத்து இடைத் தொலைவுக்கு அகலமான இடம் தரும் மேசை வேலை லென்ஸ் தனியே உண்டு. அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது.

தனித்தனிக் கண்மணி அளவையும் பொருத்தும் உயரத்தையும் சீட்டின் பின்புறம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். முதலாவது பல ஆண்டுகளுக்கு மாறாது. உயரம் அந்த ஒரு ஃப்ரேமுக்கு மட்டுமே உரியது. அடுத்த ஃப்ரேமில் மறுபடியும் கண் மட்டத்தில் அமர்ந்துதான் அளக்க வேண்டும்.