39 இலக்கம், 125 சுற்று

170141183460469231731687303715884105727.

இதுதான் 2¹²⁷−1. இது பகா எண் என்று 1876-ல் பிரான்ஸின் எடுவார் லூகாஸ் கைக்கணக்கிலேயே நிறுவினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. நாமும் ஒரு தடவை சரிபார்த்துவிடலாமே என்று போன மாதம் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. வர்க்கமூலமே 20 இலக்கம். லூகாஸின் வழியைப் பிறகு லெமர் என்ற அமெரிக்கக் கணிதர் எளிதாக்கினார். 4-ல் தொடங்கு. வர்க்கம் எடு, 2 கழி, சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வை. மறுபடி அதே. 2-ன் அடுக்கைவிட இரண்டு குறைவான சுற்றுகள் முடிந்ததும் மீதி பூஜ்யமானால் பகா எண், இல்லையென்றால் பகு எண்.

முதலில் 2⁷−1, அதாவது 127-ஐப் பேப்பரில் போட்டேன். ஐந்தே சுற்று. 4, 14, அப்புறம் 194. இங்கேதான் ஒரு குறுக்குவழி பிடிபட்டது: 127-ஆல் வகுக்க வேண்டாம், 128-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 1+66, ஆக 67. அதன் வர்க்கத்தில் 2 போனால் 4487. ஈவு 35, மீதி 7, கூட்டினால் 42. அடுத்தது 111. அதிலிருந்து 12319, ஈவு 96, மீதி 31. கூட்டினால் 127! அதாவது பூஜ்யம். பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போயிருந்தது. கணினிக்கு இது இன்னும் சுலபம்: இருமத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதும் முறையில், கடைசி ஏழு இலக்கத்தை வெட்டி, மிச்சத்தோடு கூட்டுவதுதான் வேலை.

அடுத்து ஸ்ப்ரெட்ஷீட். அடுக்கு 19 வரை ஒழுங்காக வந்தது. 31-க்குப் பூஜ்யம் வரவில்லை. 2³¹−1 பகா எண் என்று ஆய்லர் 1772-லேயே காட்டிவிட்டார். தப்பு என் பக்கம்தான். வர்க்கம் 19 இலக்கம் வரை போகிறது, ஷீட்டோ 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது.

பைத்தான் நிரல்மொழியில் அந்தத் தொல்லை இல்லை. அடுக்காக 127 கொடுத்தேன். உடனே ஒரு நீள எண் வந்து விழுந்தது. பூஜ்யம் இல்லையே என்று ஒரு நிமிடம் லூகாஸையே சந்தேகப்பட்டேன். பிறகு கடைசி இலக்கத்தைப் பார்த்தேன்: 7 இருக்க வேண்டிய இடத்தில் 5. சோதித்த எண்ணைவிடச் சரியாக இரண்டு குறைவு. 125 சுற்றுக்குப் பதில் 126 ஓட்டியிருக்கிறேன். வந்த பூஜ்யத்தையும் வர்க்கமாக்கி அதிலும் 2 கழித்திருக்கிறது. ஒன்றைக் குறைத்தேன், 0.

அடுக்கு 67-ஐச் சோதிக்காமல் விட மனசில்லை. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-ல் போட்ட பட்டியலில் 2⁶⁷−1 பகா எண். சோதனையில் தேறவில்லை. தேறாது என்று லூகாஸுக்கும் தெரியும், காரணிகள்தான் கிடைக்கவில்லை. 193707721 × 761838257287 என்று அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் கோல் உடைத்துக் காட்டியது 1903-ல். உடைக்காமலே 'இது உடையும்' என்று சொல்லிவிடுகிற இந்தச் சோதனை எனக்கு இன்னும் மாயம் மாதிரிதான் இருக்கிறது.

கடைசியாக அடுக்கு 1277, அதாவது 2¹²⁷⁷−1. கண் இமைப்பதற்குள் நாலைந்து வரிக்கு மீதி. பகு எண், சந்தேகமே இல்லை. ஆனால் இதன் ஒரு காரணிகூட இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. இருக்கிற எந்தக் காரணியும் 2554-ன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும் என்பதால், அந்த வரிசையில் தேட ஒரு குட்டி நிரல் எழுதி ராத்திரி ஓடவிட்டேன். பெரிய கணினிகள் எப்போதோ சலித்துவிட்டுப் போன இடம் என்று தெரிந்துதான். காலையில் லேப்டாப் கொதித்துக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன்.