பழைய குங்ஃபூ படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும்போது

1972இல் வந்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ப்யூரி’யில், ஷாங்காய் பூங்கா வாசலில் புரூஸ் லீயைத் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் ஒருவர் தடுத்து நிறுத்துகிறார். ‘நாய்களுக்கும் சீனருக்கும் அனுமதி இல்லை’ என்ற பலகையைக் காட்டுகிறார். சப்டைட்டிலுக்கென்று வரும் வசனப் பட்டியலில் பெரும்பாலும் பலகை எழுத்து இருக்காது. பட்டியலை மட்டும் நம்பி எழுதினால் பலகை விட்டுப்போகும். தமிழ்ப் பார்வையாளருக்கு மிஞ்சுவது, காரணமில்லாமல் வழிமறிக்கும் ஓர் இந்தியர் மட்டும்தான்.

அதனால் முதல் வேலை, ஒலியை அணைத்துவிட்டு முழுப் படத்தையும் ஒருமுறை பார்ப்பது. திரையில் வரும் எழுத்து, உடை, ஆயுதம், யார் எந்த நாட்டவர் என எல்லாவற்றையும் நேரக்குறிப்போடு எழுதிவைக்க வேண்டும். பழைய பிரின்ட்களில் சீன, ஆங்கில சப்டைட்டில்கள் படத்தின் அடியிலேயே பதிந்திருக்கும்; அதன்மேல் தமிழை வைத்தால் மூன்றும் படிக்க முடியாது. தமிழைத் திரையின் மேற்பகுதிக்குக் கொண்டுபோய்விடுங்கள். இரண்டு வரி, வரிக்குச் சுமார் 40 எழுத்து, ஏழு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது.

ஷாங்காயின் வெளிநாட்டுக் குடியிருப்பில் பிரிட்டிஷார் சீக்கியரைப் போலீஸ் வேலைக்கு வைத்திருந்தது வரலாறு. பலகை விஷயம் வேறு. உண்மையான பூங்காவின் 1917ஆம் ஆண்டு விதிகளில், வெளிநாட்டவருக்கு மட்டும் என்பது ஒரு விதி, நாய்க்குத் தடை என்பது இன்னொன்று. அவமானத்தின் நினைவு இரண்டையும் ஒரே வரியாக்கிவிட்டது. சீனருக்குப் பூங்கா திறந்தது 1928இல்தான். இதை அறிமுகக் குறிப்பில் சொல்லலாம். சப்டைட்டிலில் பலகையை உள்ளபடியே போட வேண்டும்.

அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் படப்பிடிப்பின்போது ஒலிப்பதிவு கிடையாது. எல்லாக் குரலும் பிறகு டப்பிங்தான். அதனால் ‘ஃபிஸ்ட் ஆஃப் ப்யூரி’யில் ஜப்பானிய நடிகர் ரிக்கி ஹாஷிமோட்டோவும் சீனர்களின் பொதுமொழியான மாண்டரினைச் சரளமாகப் பேசுகிறார். பாத்திரங்களின் மொழி வேறுபாடு காதுக்கு எட்டாது. அதை ஈடுகட்ட ஜப்பானியப் பாத்திரங்களுக்குக் கொச்சைத் தமிழ் தரும் ஆசை வரும், தரவே கூடாது. படத்தில் இல்லாத இழிவை நாம் சேர்த்ததாகிவிடும்.

தமிழ் சிக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. 1966இன் ‘கம் ட்ரிங்க் வித் மி’யில் நடிகை செங் பெய்பெய் ஆண் வேடத்தில் சத்திரத்துக்குள் நுழைகிறார். பேச்சு மாண்டரினில் அவன், அவள் இரண்டுமே ‘தா’ என்றுதான் ஒலிக்கும். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ‘வந்தான்’ என்றால் பொய், ‘வந்தாள்’ என்றால் வேடம் கலைந்துவிடும். ‘ஆள் வந்தாச்சு’ என்றால் தப்பிக்கலாம். அதே சமயம், ஆங்கிலத்துக்கு இல்லாத வசதியும் நமக்கு உண்டு. ஒரே குருவிடம் கற்கும் மாணவர்களில் மூத்தவர், இளையவர் என்று சீனம் பிரிப்பதை அண்ணன், தம்பி என்று அப்படியே கொண்டுவரலாம். ஆனால் இளைய மாணவியைத் ‘தங்கச்சி’ ஆக்கினால், அவளே காதலியாகவும் இருக்கும் படம் கெட்டது. அங்கே பெயர் சொல்லி அழைப்பதே சரி.

‘மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்’ (1976) படத்தில் கை நீளும் இந்திய யோகியாக வருபவர் தோலைக் கருப்பாக்கிக்கொண்ட சீன நடிகர். பார்க்கவே உறுத்தும் வேடம் அது. சப்டைட்டிலால் அதைத் திருத்த முடியாது; அவர் பேச்சை நகைச்சுவையாக்காமல் இருக்கலாம். அதே படத்தில் தாய்லாந்து வீரர் சண்டைக்கு முன் ஆடும் ஆட்டம் வெறும் விநோதமாகத் தெரியும். அது ‘வாய் க்ரூ’, குருவுக்குச் செய்யும் வணக்கம். ‘க்ரூ’ என்பது நம் ‘குரு’வேதான்.

இந்த வேலையில் மனநிறைவு தரும் படம் என்றால், லாவ் கார்லியுங் இயக்கிய ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ (1978). சீனக் கணவன், ஜப்பானிய மனைவி. எதிராளிகளாக ஜப்பானியரே நடித்திருக்கிறார்கள், யாரும் சாவதில்லை. தோற்ற வாள்வீரர் தன் வாளை நீட்டுகிறார். அது மரியாதை என்று தெரியாமல் நாயகன் மறுத்துவிடுகிறான். அந்த இடத்தில் விளக்க வரி போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். நாயகனுக்குப் புரியாதது அந்த நிமிடம் பார்வையாளருக்கும் புரியக் கூடாது. படமே பின்னால் அதைப் பேசுகிறது.