வேலூர் வெயிலுக்கு மாடித் தளத்தில் என்ன செய்யலாம், எதை முதலில் செய்யலாம்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீட்டைப் பசுமையாக மாற்ற நினைப்பவர்கள் பலர் சோலார் பேனலில் தொடங்குகிறார்கள். பேனல் நல்லதுதான், ஆனால் அது கடைசியில் வர வேண்டிய வேலை. முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும், பிறகு தளத்தை வெள்ளையாக்க வேண்டும், அதன் பிறகு மழைநீருக்கு வழி செய்ய வேண்டும். இவை முடிந்த பிறகுதான் பேனல். இந்த வரிசை மாறினால் போட்டதை உடைத்து மறுபடி போட வேண்டி வரும்.

நம் ஊர் வீடுகளில் வெயில் பெரும்பாலும் கூரை வழியாகத்தான் உள்ளே வருகிறது. 5 அங்குல கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் இறங்கிய பிறகு மெதுவாக அறைக்குள் விடுகிறது. சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் மின்விசிறி அனல் காற்றை வீசுவது அதனால்தான். சுற்றியிருக்கும் பாறை மலைகளும் அந்த நேரத்தில் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். அறைக்குள் வந்துவிட்ட சூட்டை ஏசி வைத்து வெளியேற்றுவதைவிட, தளத்தில் ஏறாமல் தடுப்பது பல மடங்கு மலிவு.

வேலைக்கு ஏற்ற மாதம் மாசி. பனி குறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, மழையும் இருக்காது. அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு ஆள் பிடித்தால், காலை ஒன்பது மணிக்குமேல் தளத்தில் கால் வைக்க முடியாது. பூச்சும் சரியாகப் பிடிக்காது.

முதலில் தளத்தைப் பெருக்கிக் கழுவிவிட்டு, மழைநீர்க் குழாய் வாயை அடைத்து ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழே எங்கே ஈரம் தெரிகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகு எங்கெங்கே தேங்கி நிற்கிறது என்பதையும் பாருங்கள். 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, இருந்தால்தான் தண்ணீர் ஒழுங்காக வடியும். தேங்கும் இடத்தில் எந்தப் பூச்சும் நீடிக்காது. அங்கே வாட்டத்தைச் சரிசெய்யாமல் பெயிண்ட் அடிப்பது பண விரயம்.

விரிசல்களின் மேல் அப்படியே பூசக் கூடாது. ‘வி’ வடிவில் சுமார் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, தூசியைத் துலக்கி, நனைத்து, வாட்டர் ப்ரூஃப் திரவம் சேர்த்த சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். பெரும்பாலான ஒழுகல் தளத்தின் நடுவில் இருப்பதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், குழாய் இறங்கும் வாயைச் சுற்றியும்தான் இருக்கும். அந்த மூலை நெடுக 3 அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை அணைக்கச் சொல்லுங்கள். கொத்தனார் தேவையில்லை என்பார், விடாதீர்கள்.

பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்ட சுருக்கித் தளமும், அதன்மேல் தட்டோடும் இருக்கும். அதை உடைக்கவே உடைக்காதீர்கள். சூட்டைத் தடுப்பதில் அது வெறும் கான்கிரீட்டைவிட எவ்வளவோ மேல். ஓட்டு இணைப்புகளை மட்டும் சுரண்டி மறுபடி நிரப்பினால் போதும்.

இனி வெள்ளை. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும், சூடு குறைவாக ஏறும். செலவு குறைந்த வழி சுண்ணாம்பு. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு, தரை உறிஞ்சுவதைப் பொறுத்து, இரண்டு முறை அடிக்க 15 முதல் 20 கிலோ கைவசம் இருக்கட்டும். சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகும், இரும்பு டிரம் எடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். 24 மணி நேரம் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, 10 லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். சுவருக்கு அடிக்கும்போது போடும் நீலம் மாடிக்குத் தேவையில்லை.

அடிப்பதற்குமுன் தரையை நனைக்க வேண்டும். காய்ந்த சூடான தரையில் அடித்தால் மறுநாளே மாவாகக் காலில் ஒட்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் கல்லாக இறுகுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். கெட்டியாக ஒரே முறை அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு முறை அடிப்பது நல்லது. அடித்த மறுநாள் லேசாகத் தண்ணீர் தெளித்தால் இன்னும் உறுதியாகும்.

சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். சில ஆண்டுகள் தாங்க வேண்டும் என்றால் கூல் ரூஃப் பெயிண்ட், அதாவது வெயிலைத் திருப்பி அனுப்பும் மாடிப் பெயிண்ட். ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். சுண்ணாம்பின்மேல் இந்தப் பெயிண்ட் ஒட்டாது, தோலாக உரிந்து வரும். அடுத்த ஆண்டு பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இந்த ஆண்டு சுண்ணாம்பைத் தொட வேண்டாம். எந்த வெள்ளையும் தூசி படிந்தால் வேலை செய்யாது. பங்குனியில் ஒருமுறை தளத்தைக் கழுவிவிடுங்கள்.

நிழலுக்குப் பச்சை வலை கட்டுவதென்றால் தளத்துக்கு மேலே 7 அடி உயரத்தில், அடியில் காற்று ஓடும்படி கட்ட வேண்டும். தரையில் விரித்துப் போடுவதால் பெரிய பயன் இல்லை. மண்பானை கவிழ்த்து மேலே பூசும் முறை குளிர்ச்சி தரும். ஆனால் எடை கூடும், அடியில் ஒழுகினால் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது தண்ணீர். வேலூரில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, தென்மேற்கிலும் வடகிழக்கிலும் சேர்த்து. ஆயிரம் சதுர அடி மாடி என்றால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு 65,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஐந்து நடை. பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் இதைச் சாக்கடையில் விடுவது மனம் பொறுக்காத காரியம்.

2003-இல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமானபோது தோண்டிய குழிகள் பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. ஆனால் மண்ணடைத்துக் கிடக்கின்றன. புதிதாகத் தோண்டும் முன் அதைத் திறந்து பாருங்கள். ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். புதிதாக என்றால் 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழம். அடியில் பெரிய கருங்கல், அதன்மேல் 40 மில்லிமீட்டர் ஜல்லி, பிறகு 20 மில்லிமீட்டர் ஜல்லி, அதற்குமேல் நைலான் வலை, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அடி மணல். மேலே இருக்கும் மணல்தான் சேற்றைப் பிடிக்கும், அதை ஆண்டுக்கு ஒருமுறை வாரி மாற்ற வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

இங்கே அடியில் கடினப் பாறை. தண்ணீர் மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான் இறங்கும். அதனால் பழைய கிணறு இருந்தால் அதைவிட நல்ல சேகரிப்பு இல்லை. தூர்த்து மேலே அறை கட்டிவிடாதீர்கள். போர்வெல்லுக்குள் மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராக விடவே கூடாது. சேறு வெடிப்புகளை அடைத்துவிட்டால் அந்த போர் மீளாது.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் கணக்கு கொஞ்சம் வேறு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. கிணற்று நீர் உப்பாக இருக்கும் இடத்தில் மழைநீரை முதலில் மூடிய சம்ப்பில் சேமித்து, நிரம்பி வழிவதை மட்டும் பூமிக்கு விடுங்கள்.

சுண்ணாம்பு அடித்த மாடியின் முதல் சில மழைத் தண்ணீரைச் சம்ப்பில் சேர்க்க வேண்டாம், காரம் கலந்திருக்கும். இறங்கு குழாயில் ஒரு ‘டி’ இணைப்பு வைத்து, அடிமூடியைக் கழற்றினால் வெளியே போகும்படி ப்ளம்பரிடம் செய்துகொள்ளுங்கள். தண்ணீர் தெளிவாக வர ஆரம்பித்ததும் மூடிவிடலாம். ஆயிரம் சதுர அடிக்கு 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் போடுங்கள், அதைவிடச் சிறியது இலை அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக சோலார். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும், நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதக் கணக்கில் 200 யூனிட்டுக்குள் முடித்துவிடும் வீட்டுக்கு இப்போது அவசரம் இல்லை. அந்தப் பணத்தில் 75 வாட் விசிறிகளை 30 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றுங்கள். பேனல் வைப்பதென்றால் தெற்கு நோக்கி, சுமார் 13 டிகிரி சாய்வில் வையுங்கள். தாங்கிகளுக்காகத் தளத்தைத் துளைத்து போல்ட் அடிக்க விடாதீர்கள். தளத்தின்மேல் கான்கிரீட் கட்டை வார்த்து அதில் பொருத்தச் சொல்லுங்கள், காற்றின் வேகத்துக்குத் தேவையான எடையைக் கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கட்டைகள் மழைநீர் வடியும் வழியை மறிக்காமல் இருக்க வேண்டும். அடியில் துடைப்பம் நுழையும் அளவுக்காவது இடைவெளி விட்டு பேனலை உயர்த்துங்கள்.