செறிந்த துகள்கற்றைகளின் கணினி உருவகம்: வாய்மொழித் தேர்வுக்குச் செல்வோருக்கு

முடிவு கடந்த வாரம் வந்தது. முடுக்கி இயற்பியல் முதுநிலை வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டேன் என்று படித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து இத்துறைக்கு வரும் நம் பிள்ளைகளுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள அருகில் ஆள் கிடைப்பதில்லை என்பதால், சூடு ஆறுமுன் எழுதிவைக்கிறேன்.

என் கணினி உருவகம் தந்த எமிட்டன்ஸ் (கற்றையின் துகள்கள் இடத்திலும் திசையிலும் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) வரைபடத்தைப் பார்த்ததும் தேர்வாளர் கேட்டது ஒன்றுதான்: "எமிட்டன்ஸ் கூடுகிறதே, இது கற்றையில் கூடியதா, கணினியில் கூடியதா?" பெரும்பகுதி நேரம் இதைச் சுற்றியே சென்றது, ஆகவே தயாரிப்பில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள் என்பேன்.

விடையைத் தாளில் போடும் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். 1959-இல் காப்சின்ஸ்கியும் விளாடிமிர்ஸ்கியும் முன்வைத்த துகள் பரவலில், ஸ்பேஸ் சார்ஜ் விசை (துகள்கள் தம் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளும் விசை) மையத்திலிருந்துள்ள தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், குவிக்கும் விசையும் அப்படியே நேர்விகிதத்தில் (நேரியலாக) இருந்தால் எமிட்டன்ஸ் மாறாது. கற்றையின் விளிம்பு எப்படி விரிந்து சுருங்கும் என்பதை உறைச் சமன்பாடே சொல்லிவிடும். கணினி நிரலில் முதலில் இக்கற்றையை ஓடவிட்டால், கூடுகிற எமிட்டன்ஸ் நிரலுடையது என்பது தெளிவாகிவிடும். மின்னோட்டத்தை மிகவும் உயர்த்தினால் இப்பரவலே நிலைகுலையும் என்பதால் மிதமான அளவில் சோதியுங்கள். அம்மா தோட்டத்துப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) கிளம்பும் விடியற்காலையில், பென்சிலும் தாளும் மட்டும் வைத்துக்கொண்டு அச்சமன்பாட்டைத் தீர்த்துப் பழகியதே எனக்குக் கைகொடுத்தது. கூட்டாகப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்பாடம் தனிமையில்தான் பிடிபடும்.

விரல்நுனியில் இருக்க வேண்டியவை:
- நிரல் வெளியைப் பிரிக்கும் கட்டத்தின் அளவு டெபை நீளத்தைவிட (ஒரு துகளின் மின்புலத்தை மற்றவை மறைத்துவிடும் தொலைவைவிட) பெரிதானால் கற்றை பொய்யாகச் சூடேறும்.
- கால அடியை (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர இடைவெளியை) பாதியாக்கி, துகள்களை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள்; விடை நகர்ந்தால் நம்பாதீர்கள்.
- மின்விலக்கில் ஒரு பகுதியைக் காந்த ஈர்ப்பு ஈடுசெய்வதால் நிகர விசை காமாவின் (மொத்த ஆற்றலை ஓய்வாற்றலால் வகுத்துக் கிடைக்கும் சார்பியல் காரணியின்) வர்க்கத்தால் வகுபடும். 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டானுக்குச் சுமார் 23 விழுக்காடே எஞ்சும்.

கற்றையைச் சுற்றிப் படரும் மெல்லிய ஒளிவட்டத்துக்கு (ஹேலோ: மையத்திலிருந்து விலகி, குழாயை எட்டக்கூடிய சில துகள்கள்) தனியாகத் தயாராகுங்கள். கதிரியக்கத்துக்கு அஞ்சாமல் ஆட்கள் நெருங்கிப் பழுதுபார்க்கும்படி முடுக்கி இருக்க வேண்டுமானால், துகள் இழப்பு மீட்டருக்கு 1 வாட் அளவில் அடங்க வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உள்ள நியூட்ரான் நிலையத்தின் தொடக்க வடிவமைப்புத் திறன் 1.4 மெகாவாட்; அக்கற்றையை 1 லட்சம் உருவகத் துகள்களால் (ஒவ்வொன்றும் பல உண்மைத் துகள்களுக்கு ஈடு) கணக்கிட்டால், முழு ஆற்றலில் ஒவ்வொரு துகளும் 14 வாட்டைச் சுமக்கும். ஒரே ஒரு துகள் குழாயைத் தொட்டாலும் வரம்பு மீறியதாகக் காட்டும். 14 வாட்டுக்குக் குறைந்த இழப்பை இத்துகள்களால் காட்ட முடியாது என்பதால், ஒன்றும் தொடாவிட்டாலும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. தேர்வாளர் கேட்குமுன் இதை நீங்களே எடுத்துச் சொல்லி, இழப்பைக் கணிக்க எத்தனை துகள்கள் வேண்டும் என்ற கணக்கை வெண்பலகையில் எழுதிக்காட்டுங்கள்.